நாலு பட்டை போட்ட பிரியாணி

கடவுள் மூளை பங்கு வைத்த அன்றைக்கு நரிமேட்டுப்பட்டிக்காரர்கள் நாங்கள் எல்லாரும் சந்தைக்குப் போயிருந்தோமாம். அதனால் எங்களுக்குள் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை.

என் தங்கை பொன்னரசிக்கு நிச்சயதார்த்தம். சமையலுக்கு வந்த காதர் பாய் அண்டாவில் எண்ணெய் ஊற்றிய நேரம், அவர் சம்சாரத்துக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. என்னையும் சித்தப்பா தவசியையும் மச்சான் கொம்பையாவையும் கூப்பிட்டார்.

"எண்ணெய் காஞ்சதும் நாலு பட்டை போடுங்க. வாசனை வந்ததும் கறியைப் போடுங்க. கடைசியா தம் போட்டுட்டுத் தள்ளி உட்காருங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

எண்ணெய் காய்ந்தது. நான் திருநீற்றுத் தட்டை எடுத்து வந்தேன்.

"நெத்திக்கே மூணு பட்டைதானே? நாலாவது எதுக்கு?" என்றான் கொம்பையா.

சித்தப்பா வெகுநேரம் யோசித்தார். "நம்ம நெத்தியும் அண்டாவும் ஒண்ணாடா? அது பெரிசு."

ஒத்துக்கொண்டோம். மூன்று பட்டை போட்டதில் கொம்பையாவுக்கு மூன்று விரலும் வெந்தன. நாலாவதில் என் சுண்டுவிரல் போயிற்று.

பாய் விட்டுப்போன பொட்டலத்தில் சுருள் சுருளாக மரத்தோல் இருந்தது. அடுப்பெரிக்கத்தான் வாங்கியிருப்பார் என்று விறகோடு செருகினோம். பிரமாதமான வாசனை வந்தது. ஆனால் அண்டாவிலிருந்து அல்ல, அடுப்புக்குள்ளிருந்து. வாசனை வந்த இடத்தில்தானே கறியைப் போடவேண்டும்? அத்தனையையும் நெருப்பில் கொட்டினோம்.

தம் போடுவதுதான் சங்கடமாகிவிட்டது. சித்தப்பா பீடியை விட்டுப் பல வருஷம். பெண்ணின் வாழ்க்கையாயிற்றே என்று, கண் கலங்க ஒன்று பற்றவைத்தார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, அடுப்பில் கரியையும் அண்டாவில் வெறும் எண்ணெயையும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "இனி உங்க வாசப்படிய மிதிக்க மாட்டோம்."

பொன்னரசி அழுதாள். அழுது ஓய்ந்ததும், "அண்ணே, அவங்க மிதிக்க மாட்டேன்னது படியைத்தானே? அதைப் பேர்த்துட்டா வருவாங்கல்ல?" என்றாள். எங்களோடு பிறந்தவள்தானே.

கடப்பாரையால் படிக்கல்லைப் பேர்த்தோம். போய்ச் சொல்லி அழைத்து வந்தோம். மாப்பிள்ளையின் அப்பா பள்ளத்தை உற்றுப் பார்த்தார். சொன்ன சொல் தப்பவில்லை என்று ஒரே தாவாகத் தாவி உள்ளே போனார். சனமெல்லாம் பின்னாலேயே தாவியது.

மாப்பிள்ளை மட்டும் தெருவிலேயே நின்றார். செருப்பை வாசப்படியில்தான் கழற்ற வேண்டும் என்று அவரை வளர்த்திருக்கிறார்கள். படியைக் காணோமே என்றார். நானும் கொம்பையாவும் கல்லைத் தூக்கிக் காட்டினோம். செருப்பைப் பதவிசாக அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நிச்சயதார்த்தம் நன்றாக நடந்ததாம். நாங்கள் பார்க்கவில்லை. கல்லைக் கீழே வைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.