கரையும் குழாய்

டாக்டர் துரைசிங்கம் குழந்தைகளின் இதயத்தைச் சரிசெய்கிறவர். கைராசிக்காரர் என்று திருநெல்வேலிப் பக்கம் நல்ல பெயர். அப்பேர்ப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, அதை நடத்துகிற, தன்னைவிட வயதில் சின்னவரான கமருன்னிசா மேடத்திடம், தனக்குப் பாடம் சொல்லித் தரும்படி கேட்டார். எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. இது எத்தனை நாளைக்கு என்று பேசிக்கொண்டோம். மனுஷர் நிஜமாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்.

காரணம் இவாஞ்சலின் என்ற சிறுமி. இதயத்தில் ஒரு பக்கம் வளராமலே பிறந்தவள். உடம்பின் ரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுபோக அவள் நெஞ்சுக்குள் ஒரு குழாய் வைத்தாக வேண்டும். பிளாஸ்டிக்கில் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் பிள்ளை வளரும், பிளாஸ்டிக் வளராது. சில வருஷத்தில் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும். அப்படி இரண்டாம் தடவை திறந்த ஒரு பிள்ளை டாக்டரின் கையிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு அவருக்குப் பிளாஸ்டிக்கைத் தொடவே மனசு வரவில்லை.

மேடத்தின் குழாய் வேறு மாதிரி. உடம்புக்குள் தானே கரைகிற தையல் நூல் இருக்கிறதல்லவா, அந்த ரகப் பொருளில் செய்தது. அது கரைந்து முடிவதற்குள் உடம்பின் செல்கள் அதில் குடியேறிச் சொந்தமாக ஒரு ரத்தக்குழாயைக் கட்டிவிட வேண்டும். அந்தச் செல்களை வா வா என்று அழைக்க ஒரு புரதம் வைப்போம். வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர்.

டாக்டர் முதல் குழாயை ஓர் ஆட்டுக்குட்டிக்கு வைத்தார். உள்பக்கம் முழுக்கப் புரதத்தைத் தாராளமாகப் பூசியிருந்தார். செல்கள் திபுதிபுவென்று வந்து குவிந்து, ரத்தம் போகிற வழியையே அடைத்துவிட்டன. குட்டி செத்துப்போயிற்று. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

"எவ்வளவு குறைக்கணும் மேடம்?" என்று கேட்டார்.

"சாயங்காலம் எங்க தெருவுக்கு வாங்க" என்றார் மேடம்.

அது ரமலான் மாதம். அவர் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுகிற நேரம். தூக்குவாளியும் கையுமாக வெளியே ஜனம் நின்றது. இன்னார்தான் என்றில்லை, சுற்றுவட்டாரமே வந்து வாங்கிப் போகும். மேடம் டாக்டரை வாசலில் நிறுத்தி, ஆட்களை உள்ளே விடுவது அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பாவம், வெயிலில் நிற்கிறார்களே என்று டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு கதவையும் விரியத் திறந்து எல்லாரையும் கூப்பிட்டார். கூப்பிட்டால் வர மாட்டார்களா? வாங்கியவர்களால் வெளியே வர முடியவில்லை, வாங்காதவர்களால் உள்ளே போக முடியவில்லை. ஒரு அம்மாவின் தூக்குவாளி சாய்ந்து டாக்டர் சட்டையெல்லாம் கஞ்சி. யாருய்யா இந்த ஆளை வாசல்ல நிறுத்தினது என்று உள்ளேயிருந்து ஒருவர் திட்டினார்.

மேடம் வந்து ஒரு கதவைச் சாத்தினார். நாலைந்து பேராக உள்ளே விட்டார். அவர்கள் வாங்கிக்கொண்டு திரும்பிய பிறகுதான் அடுத்தவர்களை விட்டார். நோன்பு திறக்கும் முன்பே எல்லாருக்கும் கிடைத்துவிட்டது.

"கஞ்சி அதிகமாப் போச்சா டாக்டர்?"

"இல்ல மேடம்."

"ஆளு அதிகமோ?"

"அதுவும் இல்ல" என்றவர், சாத்தியிருந்த அந்த ஒற்றைக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் அவர் புரதத்தின் அளவைக் குறைக்கவில்லை. பூசுவதை விட்டுவிட்டு, குழாயின் பொருளுக்குள்ளேயே அதைக் கலந்தார். குழாய் கரையக் கரைய அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும்.

அடுத்த குட்டி பிழைத்தது. அதற்கப்புறம் வைத்த குட்டிகளும் பிழைத்தன. மேய்ந்தன, முட்டிக்கொண்டன, வளர்ந்தன. இதற்குள் இவாஞ்சலினுக்கு மாடிப்படி ஏறினாலே உதடு நீலம் பாரித்தது. அவள் அம்மா போனில் அழுதார். மனிதருக்கு வைக்க அனுமதியும் வந்துவிட்டது. அதற்கு முன் ஒருதடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, முதலில் பிழைத்த ஆட்டை மயக்கி டாக்டர் நெஞ்சைத் திறந்தார்.

குழாயைக் காணோம். அது இருந்த இடத்தில், ஆட்டின் வளர்த்திக்கு ஏற்ற பருமனில், மெத்தென்று ஒரு ரத்தக்குழாய் இருந்தது. ரத்தம் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சுற்றி நின்ற நாங்கள் கைதட்டினோம். டாக்டர் முகத்தில் மட்டும் சந்தோஷமே இல்லை.

"நான் வச்சது ஒண்ணுமே இல்லியே மேடம்" என்றார். "ஆட்டுக்குச் சரி. அந்தப் பிள்ளை நெஞ்சுல ஒண்ணுமே மிஞ்சாததை வச்சிட்டு நான் எப்படித் தூங்குவேன்? பயமா இருக்கு. அவளுக்கு மட்டும் கரையாத வலை ஒண்ணு, மெல்லிசா, மேல சுத்திருவோம்."

மேடம் முதலில் ஆட்டைத் தைத்து முடிக்கச் சொன்னார். அவர் தைத்து முடித்துக் கையுறையைக் கழற்றுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார்.

"நீங்க வச்சது மிஞ்சினா, அவ மறுபடியும் உங்ககிட்டதானே டாக்டர் வரணும்?"