திருச்சிக்கு ஒன்றரை, சிங்கப்பூருக்கு ஆறரை

எதிர்க்கடை டீக்காரி செண்பகவல்லி தட்டோடு நுழையும்போதே விமான டிக்கெட் கடை அதிர்ந்துகொண்டிருந்தது. கத்தியவர் தென்னந்தோப்பு வைரவசுந்தரம். அவர் வந்தால் பட்டுக்கோட்டையே எழுந்து நிற்கும்.

"சிங்கப்பூர்லேர்ந்து திருச்சிக்கு ஒன்றரை மணி நேரத்துல வந்தேன். நான் ஏறினதுமே பைலட் விரட்டி ஓட்டினான். இப்போ போறதுக்கு ஆறரை மணி நேரம்னு போட்டிருக்கே, ஊரைச் சுத்திக்கிட்டா போறான்? ஒன்றரையில போற டிக்கெட் குடு. இல்லேன்னா கடையை இழுத்து மூட வச்சிடுவேன்."

கடைக்காரர் கைகட்டி நின்றார். "ஐயா, போறதுக்கும் நாலு மணி நேரம், வர்றதுக்கும் நாலு மணி நேரம்தான். அவங்க கடிகாரம் நம்மளுதைவிட ரெண்டரை மணி முன்னால ஓடுது..."

"எனக்கே மணி பார்க்கக் கத்துக்குடுக்கிறியா?"

செண்பகவல்லி டீயை நீட்டினாள். "நான் சொல்றேங்கய்யா. வர்றப்ப அவங்க ஊரு ரெண்டரை மணி நேரத்தை நீங்க கையோட கொண்டாந்துட்டீங்க. திரும்பப் போறப்ப அதைக் குடுத்துட்டுத்தானே இறங்கணும்?"

வைரவசுந்தரம் மோவாயைத் தடவி யோசித்தார். விஷயம் சரியாகத்தான் பட்டது.

"குடுக்கலேன்னா?"

"இங்கேயே இருந்துக்குங்க. நம்ம ஊருல யாரு கேட்கப் போறா? பேத்தி காதுகுத்துக்கு வாங்கிட்டுப் போன என் டீ அண்டா ஒரு வருஷமா உங்க வீட்டுலதானே கிடக்கு?"

கடையில் இருந்தவர்களெல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆறரை மணி நேர டிக்கெட்டையே வாங்கிக்கொண்டு அவர் நடையைக் கட்டினார். சாயங்காலமே அண்டா வந்து சேர்ந்தது. அடியில் காதுகுத்துப் பாயசம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.