கொற்றி சங்கை அடைத்த நாள்

ஊம் என்று ஓர் ஒலி இருந்தது. மூடிய பானைக்குள் வண்டு சுற்றுவதுபோல இருக்குமாம். ஆனால் பானை வானத்தின் அளவு. அதைக் காதால் கேட்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். எப்படி இருந்தது என்று அவர்கள் சொன்னது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நண்டும் கடற்காக்கையும் மனிதரோடு முகம் பார்த்துப் பேசிய காலம் அது. கிழக்குக் கரையில் இருபது குடிசைகள். அவற்றுக்கு முன்னால், மணல்மேட்டில், ஆளுயரச் சங்கு ஒன்று கிடந்தது. கடலில் எங்காவது புயல் பிறந்தால் வானம் கனத்துக் கீழே இறங்கும். அந்தக் கனம் சங்குக்குள் புகுந்து ஒலிக்கும். புயல் நெருங்க நெருங்க ஒலி உயரும். கடற்காக்கைகள் உள்நாட்டுக்குப் பறக்கும். நண்டுகள் வளையை ஆழமாக்கும். மனிதர்கள் தோணிகளை மேட்டில் இழுத்துக் கட்டுவார்கள். யாருக்கும் தலை வலித்ததில்லை. வானத்தின் கனத்தை அவர்களுக்காகச் சங்கு சுமந்தது.

ஆனால் யாருடைய புயல் என்று சங்கு சொல்லாது. வடக்கே திரும்பிப் போகும் புயலுக்கும் ஒலிக்கும், கடலிலேயே கரைந்துபோகும் புயலுக்கும் ஒலிக்கும்.

அந்த ஐப்பசியில் மூன்று முறை ஒலித்தது. மூன்று முறையும் புயல் வேறெங்கோ போயிற்று. பத்தொன்பது நாள் தோணிகள் மேட்டிலேயே கிடந்தன. கூழ்ப்பானையைக் கழுவிக் குடித்தார்கள். கொற்றி என்பவளுக்குத் தன் கைக்குழந்தைக்குக் கொடுக்கப் பால் சுரக்கவில்லை. குழந்தை அழுவதையும் நிறுத்திவிட்டிருந்தது.

இருபதாம் நாள் காலை கரைக்கு அருகே தண்ணீர் கறுத்தது. சாளை மீன் கூட்டம். வெள்ளியைக் கொட்டியதுபோல அங்கங்கே பளபளத்தது. ஆண்கள் வலையைத் தூக்கிய அதே நேரத்தில் சங்கு ஒலிக்கத் தொடங்கியது.

மீன் கூட்டத்தைக் கண்டு புறப்படுகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அந்தக் கரையின் வழக்கம். கூப்பிட்டால் மீன் கலைந்துவிடும் என்று நம்பினார்கள். இப்போது சங்கு கூப்பிட்டது. ஊர்த் தலைவன் திரையன் கொற்றியிடம் வந்தான். தோணிப் பலகைகளின் இடுக்கில் தேங்காய் நாரைத் திணித்து, காய்ச்சிய குங்கிலியப் பிசினை ஊற்றி அடைப்பதில் அவளுக்கு இணையாக அங்கே யாரும் இல்லை. அவள் அடைத்தது ஒருமுறைகூட ஒழுகியதில்லை.

"மூணு தடவை அடுத்தவன் புயலுக்கு அழுதுச்சு" என்றான் திரையன். "இப்ப நம்ம மீனைக் கலைக்குது. அதை அடைச்சிரு தாயி."

கொற்றி தன் கணவன் ஆதனைப் பார்த்தாள். ஆதன் குழந்தையைப் பார்த்தான். அவள் குங்கிலியச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

சங்கின் விளிம்பில் ஒரு கிழட்டு நண்டு குடியிருந்தது. அவள் நாரைத் திணிக்க வந்தபோது அது குறுக்கே வந்து நின்றது.

"நீ ஓட்டை அடைக்கிறவ. இது ஓட்டையில்ல அம்மா, வாய்."

பொழுது சாய்வதற்குள் ஆண்கள் திரும்பிவிடுவார்கள் என்றும், அதற்குப் பிறகு அடைப்பைத் தானே பிரித்துவிடுவதாகவும் கொற்றி சொன்னாள்.

"வாயை அடைச்சா சத்தம் நிக்கும்" என்றது நண்டு. "கனம் எங்க போகும்?"

கொற்றி நாரைத் திணித்தாள். குங்கிலியத்தை ஊற்றினாள். ஒலி நின்றது. ஊரின் ஆறு தோணிகளும் தண்ணீரில் இறங்கின.

வானம் தெளிவாக இருந்தது. வெயில் ஏறியது. கொற்றி சங்கின்மேல் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் கண்ட உடம்புபோலச் சுட்டது. உள்ளே ஏதோ இடித்துக்கொண்டிருந்தது. சற்றுப் பொறுத்துத் தொட்டபோது இடி வேகமாகியிருந்தது. பக்கத்திலேயே பிறந்த புயல் இது, ஆனால் எவ்வளவு பக்கம் என்று கேட்க இனி வழியில்லை என்றது நண்டு. சங்கு வெடித்தால் அந்த ஒலி உலகத்தில் எங்கும் இருக்காது என்றும் சொன்னது.

கொற்றி அடைப்பைச் சுரண்டினாள். கத்தி முனை ஒடிந்தது. கல்லால் அடித்தாள். நகம் பெயர்ந்தது. அவள் அடைத்தது திறக்கவில்லை. கடைசியில் பாய் தைக்கும் கோணூசியை நெருப்பில் காய்ச்சி, அடைப்பின் நடுவே இறக்கினாள். ஊசியை உருவியதும் சின்னத் துளை விழுந்தது. என்ன சொல்கிறது என்று கேட்கத் துளையில் காதை வைத்தாள்.

அத்தனை நேரம் அடைபட்டிருந்த கனம் முழுவதும் அவள் காது வழியே உள்ளே பாய்ந்தது. சங்கு இரண்டாகப் பிளந்தது, ஒரு சத்தமும் இல்லாமல்.

கொற்றி மணலில் உட்கார்ந்தாள். இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ உளி வைத்து அடித்தார்கள். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. வாந்தி எடுத்தாள். ஆனால் ஒன்று அவளுக்குத் தெரிந்தது. உச்சிப்பொழுது தாண்டினால் புயல் இங்கே.

கடலில் தோணிகள் புள்ளிகளாகத் தெரிந்தன. கத்தினாலும் எட்டாது. தலைக்குமேல் ஒரு கடற்காக்கை போயிற்று. அதை அழைத்து, போய்ச் சொல் என்றாள்.

காக்கை இறங்கி வந்து அவளைச் சுற்றி நடந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றது. "வானம் துடைச்ச மாதிரி இருக்கு."

"என் தலைக்குள்ள இருக்கு."

"உன் தலைக்குள்ள இருக்கிறதை நான் எப்படி நம்புறது?"

கொற்றியின் ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் தலையை மணலில் சாய்த்தாள். காக்கை தயங்கி, அவள் நெற்றிப்பொட்டில் தன் அலகை வைத்தது. நரம்பின் துடிப்பு அலகின் வழியே ஏறி அதன் மண்டையோட்டைத் தொட்டது. காக்கை கடலை நோக்கிப் பறந்தது.

வலைகள் பாதி நிறைந்திருந்தன. காக்கை ஆதனின் தோணிமேல் உட்கார்ந்து, கொற்றி தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் கிடப்பதையும் அவள் சொன்னதையும் சொன்னது. ஆதன் வானத்தைப் பார்த்தான். அதில் ஒன்றுமில்லை. அவன் வலையை அறுத்துவிட்டுத் துடுப்பை எடுத்தான். அரை மனதோடு இன்னும் நான்கு தோணிகள் அவன் பின்னால் திரும்பின.

"பொண்டாட்டிக்குத் தலைவலின்னு மீனை விட்டுட்டுப் போறான் பாரு" என்றான் திரையன். "போடா, போய் அவ நெத்தியில பத்துப் போடு. நான் இன்னொரு வலை இழுத்துட்டு வர்றேன்."

ஐந்து தோணிகள் மணலைத் தொட்டபோது கிழக்கு கறுத்துவிட்டது. அன்று மாலை எட்டுக் குடிசைகளுக்குக் கூரை இல்லை. ஐந்தாம் நாள் திரையன் தோணியின் இரண்டு பலகைகள் கரை ஒதுங்கின. கொற்றி போட்ட அடைப்பு அவற்றை இன்னும் சேர்த்தே வைத்திருந்தது.

அவள் தலைக்குள் புகுந்தது வெளியே வரவில்லை. அன்று தொடங்கித்தான், வானம் கனக்கும்போது சிலருக்கு மட்டும் தலை இடிக்கிறது. கொற்றியின் பிள்ளைகளுக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும், இன்று கடலையே பார்க்காத ஊர்களில் இருப்பவர்களுக்கும் அது வந்திருக்கிறது. மேகம் தெரிவதற்கு முன்பே அவர்கள் கதவைச் சாத்தி, ஈரத்துணியைக் கண்ணில் கட்டிப் படுக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை. வெயில்தானே அடிக்கிறது என்கிறார்கள். பல சமயம் மழை வேறெங்கோ பெய்துவிட்டுப் போகிறது, வலி மட்டும் இங்கே தங்குகிறது. கொற்றியையும் ஊரார் அப்படித்தான் கேட்டார்கள். சிலர் நம்பினார்கள். சிலர், வேலைக்கு வராமலிருக்க நல்ல வழி என்றார்கள்.

ஆதன் ஒருநாளும் அப்படிக் கேட்கவில்லை. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்த நாட்களில் கடலுக்குப் போகாமல் இருந்தான், மற்ற நாட்களில் போனான். நாற்பது ஆண்டுகள் கழித்து, பல் எல்லாம் விழுந்து, தன் வீட்டுப் பாயில் படுத்துச் செத்தான்.