எப்போது எழுப்புவது

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேசைகளைத் தடவிவிட்டுப் போகும் மலையூர் அது. பெர்னதெத் அங்கே மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுத்துவந்தார். அவருடைய மாணவி வான்மதி ஒரு கருவியை உருவாக்க நினைத்திருந்தாள். குறைமாதக் குழந்தையின் மூச்சைக் கேட்டபடியே இருந்து, அது நின்றால் தாயை எழுப்பும் கருவி. அவர்களுக்குத் தெரிந்து யாரும் அப்படி ஒன்றைச் செய்ததில்லை.

"மிஸ், அது என்னென்ன செய்யணும்னு படமா வரைஞ்சேன். கதையா எழுதினேன். சூத்திரமாவும் எழுதினேன். எதை வெச்சுக்கிறது?"

பெர்னதெத் குடையை எடுத்தார். "வா."

ஆஸ்பத்திரியில் ஜெரினா என்ற பெண், கண்கள் சிவக்கத் தொட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். குறைமாதத்தில் குழந்தை பிறந்ததிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

"இன்னிக்கு நீதான் அந்தக் கருவி" என்று வான்மதியிடம் சொல்லிவிட்டு பெர்னதெத் வெளியே போனார்.

"நான் கொஞ்சம் தூங்கலாமாக்கா?" என்று ஜெரினா கேட்டாள்.

"தூங்குங்க. நான் பாத்துக்கறேன்."

சொன்ன மாத்திரத்தில் ஜெரினா தூங்கிப்போனாள். வெளியே சத்தமில்லாமல் மழை பெய்தது. அறையே மெல்ல மிதப்பதுபோல் இருந்தது வான்மதிக்கு. சின்ன மார்பு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை.

காத்திருந்தாள். இன்னும் எவ்வளவு காத்திருப்பது? தெரியவில்லை. பயந்துபோய் ஜெரினாவை உலுக்கினாள். அவள் பதறி எழுந்தபோது குழந்தை மறுபடி நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க. ஒண்ணுமில்ல, நீங்க படுங்க."

"கோபமில்லக்கா" என்றாள் ஜெரினா. "ஆனா இனிமே நீங்க பாத்துக்கறேன்னு சொன்னாலும் எனக்குத் தூக்கம் வராது."

குழந்தையின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

வராந்தாவில் பெர்னதெத் மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வான்மதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மிஸ், எப்ப எழுப்பணும்னு மூணுலயும் எழுதியிருக்கேன். எப்ப எழுப்பக்கூடாதுன்னு ஒண்ணுலயும் இல்ல."

"ம்."

"எழுதிடறேன். ஆனா எதுல எழுதறது? படமா, கதையா, சூத்திரமா?"

"எதுல வேணா எழுது. எழுதி முடிச்சு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிக் காட்டு" என்றார் பெர்னதெத். "கேட்டுக்கிட்டே அவ தூங்கிட்டான்னா, சரியா எழுதியிருக்க."