நாலு பேரிடம் சொன்னது

"நாளைக்குத் தர்ற அந்தப் பதக்கத்தை நான் வாங்க மாட்டேன் சாமி," என்றாள் பொன்னரசி.

குன்றின் மேல் இருந்த சின்ன மடத்தில் குருவம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பொன்னரசியைவிட நாலு வயது இளையவர். முந்நூறு படி ஏறிப் பதில் கேட்க வருகிறவர்களைக் கேள்வி கேட்டே திருப்பி அனுப்புகிறவர் என்று ஊரில் பெயர்.

"யாருக்குத் தர்ற பதக்கம்?"

"என் வீட்டுக்காரருக்கு. செல்லப்பாண்டி. தீயணைப்பு நிலையத்துல இருந்தாரு. போன வருஷம் துணிக்கடை மூணாவது மாடியில தீப்பிடிச்சப்போ, நாலு பொம்பளைங்களைக் கயித்துல கட்டிக் கீழ இறக்கிட்டாரு. அவர் இறங்கறதுக்குள்ள தளம் விழுந்துருச்சு. முப்பத்தி நாலு வயசு சாமி."

"எப்படிப்பட்ட மனுஷன்?"

"தங்கம். வேலை முடிஞ்சு வந்தா மகளுக்குத் தலை பின்னிவிடுவாரு. ஞாயித்துக்கிழமை ஆனாப் போதும், எங்க ரெண்டு பேரையும் கயித்துல கட்டி மொட்டை மாடியிலேருந்து இறக்கிப் பழகுவாரு. தெருவே வேடிக்கை பாக்கும். எனக்கு மானம் போகும்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னாலேயே கோபமும் வந்தது.

"அவ்வளவு பாசம் வச்சவர், அன்னிக்கு எங்களை மறந்துட்டுத்தானே உள்ள நின்னாரு? ஒரு நிமிஷம் நினைச்சிருந்தா வெளிய வந்திருப்பாரே. எங்களை மறந்ததுக்கு ஒரு பதக்கமா?"

குருவம்மா அடுத்த காயை எடுத்தார்.

"கடைசியா யார்கிட்ட பேசினாரு?"

"அந்த நாலு பேர்கிட்ட."

"என்ன பேசினாரு?"

"தெரியாது. வீடு தேடி வந்தாங்க. நான் கதவைத் திறக்கல."

"ஏன்?"

பொன்னரசி தரையில் கிடந்த மொச்சைத் தோலை எடுத்து முறத்தில் போட்டாள்.

"அவங்க உயிரோட இருக்காங்க சாமி."

குருவம்மா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். வாசலுக்குப் போனார். பொன்னரசியின் செருப்பைக் கையில் எடுத்து வந்து அவள் காலடியில் வைத்தார்.

"ஐயோ, நீங்க எதுக்குச் சாமி," என்று அவள் பதறினாள்.

"எனக்குத் தெரியாததை எங்கிட்ட கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கே. கிளம்பு."

நாலு பேரில் மூத்தவள் ஜெயசீலி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒரு வருஷமாகப் பொன்னரசி அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போவாள். இப்போது நேராகப் போய்க் கதவைத் தட்டினாள்.

ஜெயசீலி அவளைப் பார்த்ததும் அழுதாள். பொன்னரசி உட்காரக்கூட இல்லை.

"உங்ககிட்ட என்னக்கா சொன்னாரு?"

"நாங்க எங்கம்மா இறங்கினோம்? அந்த உயரத்தைப் பாத்துட்டு பால்கனிக் கம்பியை விடாமப் பிடிச்சுக்கிட்டோம். ஒரே புகை. அவர் கயித்தை மாட்டிக்கிட்டே சிரிக்கிறாரு. 'என் பொண்டாட்டி ஸ்டூல் மேல ஏறவே நடுங்குவா. அவளே இந்தக் கயித்துல இருபது தடவை இறங்கியிருக்கா. உங்களுக்கு என்னக்கா?' அப்படின்னாரு."

பொன்னரசி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கடைசியா இருந்தது எங்க நாலு பேர்ல சின்னப் பொண்ணு. அவளே பின்னால சொன்னா. அவகிட்ட, 'என் மக குயிலிக்கு ஏழு வயசு. கீழ போனதும் இன்னொரு தடவைப்பான்னு கேப்பா. நீ கேட்டுராத தாயி, எனக்கு நேரமில்லை'ன்னாரு. அழுதுக்கிட்டிருந்தவ சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டேதான் இறங்கினா."

ஜெயசீலி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரை நம்பிக் கம்பியை விடலம்மா. அவரை எனக்குத் தெரியவே தெரியாதே. நீ இறங்கினேன்னு சொன்னாரு பாரு, அதை நம்பித்தான் விட்டேன்."

பொன்னரசி அழுதாள். ஒரு வருஷத்தில் முதல்முறையாகச் சந்தோஷத்தில் அழுதாள். ஜெயசீலி கொடுத்த காபியை இரண்டு தம்ளர் வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் காலை தீயணைப்பு நிலைய மைதானத்தில் பெருங்கூட்டம். பச்சைப் பட்டு உடுத்தி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பொன்னரசி மேடை ஏறினாள். அதிகாரி கையில் பதக்கத்தோடு பாராட்டுரையைப் படித்தார்.

"தன்னந்தனியாக நின்று நான்கு உயிர்களைக் காப்பாற்றிய..."

"அங்க மட்டும் ஒரு திருத்தம் சார்," என்றாள் பொன்னரசி.

அதிகாரி காகிதத்திலிருந்து தலை தூக்கினார்.

"தனியா இல்லைங்க. நாங்க ரெண்டு பேரும் கூட இருந்தோம்."