செம்புக்கு இரண்டு, தேங்காய்க்கு இரண்டு

முன்னொரு காலத்தில் காரைநாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒரு சட்டம் போடுவான், சாயங்காலம் மறந்துவிடுவான். ஒரே ஒரு சட்டத்தை மட்டும் மறக்காமல் கல்லில் வெட்டிவைத்தான். ஊர்த் தேர்தலில் பரிசு வாங்கிக்கொண்டு ஓலை போடுகிறவர்களைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவது என்பது அந்தச் சட்டம். கல் எங்கள் மூங்கிலேரி ஊரில்தான் நின்றது. நாங்கள் அதில் மாடு கட்டினோம்.

எங்கள் ஊரைப் பற்றி நானே சொல்வது அழகில்லைதான். ஆனால் வேறு யாரும் நல்லபடியாகச் சொல்லப்போவதில்லை. தேர்தலில் யார் என்ன கொடுத்தாலும் வாங்குவோம். வாங்கிய பிறகு கொடுத்தவருக்குத் துரோகம் செய்ய மாட்டோம். இரண்டு பேர் கொடுத்தால் வீட்டு ஓலைகளைப் பிரித்து ஆளுக்குப் பாதி போடுவோம். பக்கத்து ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டு ஏமாற்றுவார்கள். நாங்கள் அப்படியில்லை என்பதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை.

அந்த வருஷம் ஏரி வாரியத் தலைவருக்குத் தேர்தல் வந்தது. மதகு உடைந்து கிடந்தது. தண்ணீரெல்லாம் கூத்தரையனுடைய கரும்புக்கே போயிற்று; தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில் கொற்றனின் நெல்லும் எங்கள் நெல்லும் காய்ந்தன. அந்த இருவரும்தான் தேர்தலில் நின்றார்கள். கூத்தரையன் வீட்டுக்கொரு பித்தளைச் செம்பு கொடுத்தான். கொற்றன் தன்னால் முடிந்தது என்று தேங்காய் கொடுத்தான். கரும்புக்காரனுக்கு ஓலை போட்டால் நமக்குத் தண்ணீர் வருமா என்று ஒருவருக்காவது தோன்றியதா என்று கேட்காதீர்கள். செம்பு நல்ல கனமாக இருந்தது.

அப்போது ராஜாவுக்குப் புதிதாக ஒரு யோசனை பிறந்தது. எல்லைப் பாசறையில் இருக்கும் எங்கள் ஊர் வீரர்களும் ஓலை எழுதி, மூங்கில் குழாயில் அடைத்துத் தபாலில் அனுப்பலாம் என்றான். குழாய்களை வாங்கிவைக்கும் பொறுப்பைப் பேரரையர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் அரசவைப் பிரபு, கூத்தரையனின் அக்காள் புருஷன். மந்திரி இளம்பூதிக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்து வயிறெரிந்து கொண்டிருந்தவர்.

ராஜாவின் சபையில் வைத்து ஊர்க் குடத்து ஓலைகளை எண்ணினார்கள். கொற்றன் கொஞ்சம் முன்னால் நின்றான். பிறகு குழாய்களைத் திறந்தார்கள். ஒன்று விடாமல் எல்லா ஓலையிலும் கூத்தரையன் பெயர்.

"பார்த்தீரா மந்திரி, என் வீரர்களின் ஒற்றுமையை!" என்று ராஜா பூரித்துப்போனான்.

"மகாராஜா, இதெல்லாம் பொய் ஓலை" என்றான் கொற்றன்.

பேரரையர் எழுந்தார். "நாட்டைக் காக்கும் வீரர்களைப் பொய்யர்கள் என்கிறான். நாளைக்குள் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் இவன் நிலத்தைப் பறிமுதல் செய்யுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

கொற்றன் எங்களிடம் ஓடி வந்தான். ஓலை பொய் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் எந்த வீட்டு ஓலையும் மொத்தமாக ஒரே ஆளுக்குப் போகாது. ஆனால் அதைச் சபையில் சொன்னால் செம்பையும் தேங்காயையும் சொல்ல வேண்டும்; அப்புறம் கழுதை. தலையைக் குனிந்துகொண்டோம். வெட்கக்கேடுதான். கொற்றன் அழுதுகொண்டே மந்திரியிடம் போய் எங்கள் வழக்கத்தைச் சொன்னான். மந்திரி வெகுநேரம் சிரித்தார்.

மறுநாள் வீரர்களின் தாய்மார்களைச் சபைக்கு அழைத்தார்கள். மந்திரி ராஜாவை வணங்கினார். "மகாராஜா, ஓலைகள் உண்மையானவைதான். குற்றமெல்லாம் இந்தத் தாய்மார்களுடையது. கொற்றன் கொடுத்த தேங்காயை வாங்கித் தின்றுவிட்டு, பிள்ளைகளைக் கூத்தரையனுக்கே போடச் சொல்லியிருக்கிறார்கள். ஏமாற்றுக்காரிகள். இவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரிகளே தேவலை."

வெள்ளச்சி என்பவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "யாரைப் பாத்து சாமி ஏமாத்துக்காரிங்கிறீங்க? எங்க வீட்ல நாலு ஓலை. செம்புக்கு ரெண்டு, தேங்காய்க்கு ரெண்டு. பாசறையில இருக்கிற எம் மவனுக்கு, உன் ஓலை தேங்காய்க்குடான்னு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிச்சேன். அவன் எம் பேச்சைத் தட்ட மாட்டான்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் கழுதை ஞாபகம் வந்தது.

கூத்தரையனுக்குப் பொறுக்கவில்லை. "செம்பை வாங்கிக்கிட்டுப் பாதிதான் போட்டீங்களா?" என்று கத்தினான்.

மந்திரி ரொம்பப் பரிவாகக் கேட்டார். "பாவம், எவ்வளவு செலவு உங்களுக்கு. பாசறைக்கும் செம்பு அனுப்பினீர்களோ?"

"அங்க எதுக்கு வீண் செலவு, குழாய் நம்ம கையிலதானே இருக்குன்னு மச்சான்தான்…" என்று சொல்லிவிட்டுக் கூத்தரையன் பேரரையரைப் பார்த்தான். பேரரையர் கூரையைப் பார்த்தார்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். ஏரிக்கரையில் மண் சுமக்கும்படி பேரரையரை அனுப்பினான். கொற்றனின் நிலம் தப்பியது. "இந்த ஊரை என்ன செய்வது?" என்று ராஜா மந்திரியைக் கேட்டான்.

"சட்டப்படி ஊர்வலம் விடலாம், மகாராஜா. நாட்டில் அவ்வளவு கழுதை இல்லை."

ஆகவே அந்த இருவருக்கும் இடையே மறுதேர்தல். யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு. பாசறைக்கு மந்திரியே நேரில் போய் வீரர்களின் ஓலையை வாங்கிவந்தார். புது உத்தரவு வீரர்களுக்கு எட்டவில்லை போலும். கூத்தரையனுக்குப் பாதி, கொற்றனுக்குப் பாதி என்று இருந்தது. தாய்மார்கள் தலை நிமிர்ந்து நடந்தார்கள்.

தேர்தல் நாளில் ஓலையும் கையுமாகக் குடத்தின் முன்னால் நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். ஒருவரும் ஒன்றும் கொடுக்காதபோது யார் பெயரை எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் வெள்ளச்சி பொறுமையிழந்து கூத்தரையனைக் கேட்டாள். "ஏய்யா, நீ வந்தா எங்களுக்கு என்னதான் செய்வே?"

"அதான் செம்பு கொடுத்தேனே" என்றான் அவன்.

கொற்றனைக் கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். "மதகைச் சரிபண்ணிக் கடைமடைக்குத் தண்ணி விடுவேன்" என்றான்.

"இதை ஏன்யா மொதல்லயே சொல்லலை?"

"நீங்க கேக்கலையே. தேங்காய் பெருசா சின்னதான்னுதானே கேட்டீங்க."

எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கொற்றன் ஜெயித்தான். அந்தத் தை மாதம் கடைமடையிலும் அறுவடை நடந்தது.

இதையெல்லாம் மந்திரி சபையில் சொன்னபோது ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் மெல்ல நிறுத்தினான்.

"மந்திரி, நல்லவேளை, எங்களுக்கு என்ன செய்வாய் என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றான்.