நரி எண்ணாமல் விட்ட கறுப்புக் கற்கள்

ஆலமரக் காட்டுக்கும் பாறைக் காட்டுக்கும் நடுவில் ஒரு குளம் இருந்தது. ஆண்டுதோறும் கோடை தொடங்கும்போது இரண்டு காடுகளின் விலங்குகளும் அதன் கரையில் சடுகுடு ஆடும். வென்ற காடு கோடை முழுக்க ஆழமான கரையில் தண்ணீர் குடிக்கலாம். தோற்ற காட்டுக்குச் சேற்றுக் கரைதான்.

போன கோடையில் ஆலமரக் காடு தோற்றது. சேற்றுத் தண்ணீரைக் குடித்து, அணித் தலைவர் கரடியின் குட்டிகள் இரண்டும் வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தன. அந்த ஆத்திரம் கரடிக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த ஆண்டு ஆட்டம் கடைசிவரை வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சமமான புள்ளிகள். ஆலமரக் காட்டுக்கு இன்னும் ஒரே ஒரு பாட்டு பாக்கி. யாராவது மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு போய், எதிரிகளில் ஒருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் வெற்றி. சமமாக முடிந்தால்கூட, போன ஆண்டு வென்ற பாறைக் காட்டுக்கே குளம் போய்விடும்.

"யார் போறது?" என்று கேட்டது கரடி.

ஆலமரக் காட்டில் ஒரு பழக்கம் உண்டு. தொட்டுவிட்டுத் திரும்புகிறவர் ஒவ்வொரு முறையும் மரத்தடியில் தன் குவியலில் ஒரு வெள்ளைக் கல் வைப்பார். பிடிபட்டால் ஒன்றும் வைப்பதில்லை. அதற்குக் கல் வைத்தால் அபசகுனம் என்று யாரோ எப்போதோ சொல்லிவிட்டார்களாம். அதைக் கேட்டு, தோல்வியை எண்ணுவதையே விட்டுவிட்ட மகா புத்திசாலிகள் அவர்கள்! எவர் குவியல் பெரியதோ, கடைசிப் பாட்டு அவருக்கே.

நரி வாலைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் குவியல்ல முப்பத்தாறு கல்! அதோ அந்தக் கீரி குவியலைப் பாருங்க. வெறும் பன்னிரண்டு! நான் மூணு மடங்கு!"

"நரி! நரி!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

கீரிக்கு மூக்கு சிவந்தது. அது அடங்கிப் போகிற கீரி அல்ல.

"நரியண்ணே, இந்த முப்பத்தாறு கல்லுக்கு நீங்க எத்தனை தடவை பாடப் போனீங்க?"

"அறுபது தடவை!" நரி நெஞ்சை நிமிர்த்தியது. "இந்தக் காட்டுல வேற எவன் போயிருக்கான்?"

"அறுபது தடவை போய், முப்பத்தாறு தடவை திரும்பினீங்க. மீதி இருபத்துநாலு தடவை?"

நரி விழித்தது. "அதையெல்லாம் எவன் எண்ணுவான்?"

"நான் எண்ணுவேன்! நான் போனது பதினஞ்சு தடவை. பன்னிரண்டு தடவை திரும்பினேன். மூணு தடவை மாட்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டுக் கீரி மூன்று கறுப்புக் கற்களைப் பொறுக்கித் தன் குவியலிலேயே வைத்தது.

"ஐயோ, அபசகுனம்!" என்று முயல்கள் காதைப் பொத்திக்கொண்டன.

"இதுவும் நான் ஆடின ஆட்டம்தான். எனக்கு இதுல வெட்கம் இல்லை!" என்றது கீரி.

கரடி தலையைச் சொறிந்தது. "அறுபதுல முப்பத்தாறு. பதினஞ்சுல பன்னிரண்டு. ரெண்டையும் எப்படிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கறது?"

"மேலே கேளுங்க!" என்றது கீரி.

மேலே கிளையில் அணில்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தன. தினமும் ஆலம்பழத்தைப் பங்குபோட்டு, சண்டை போட்டே கணக்குப் படித்த கூட்டம் அது.

"அறுபதை ஆறு ஆறாப் பிரிச்சா பத்துக் கூறு!" என்றது ஒன்று. "முப்பத்தாறுன்னா அதுல ஆறு கூறு. நரி மாமாவுக்குப் பத்துல ஆறு!"

"பதினஞ்சை மூணு மூணாப் பிரிச்சா அஞ்சு கூறு. பன்னிரண்டுன்னா நாலு கூறு. கீரியக்காவுக்கு அஞ்சுல நாலு!"

"ஒண்ணு பத்துல, இன்னொண்ணு அஞ்சுலன்னா எப்படி?" என்று கரடி உறுமியது.

"அஞ்சு, நாலு ரெண்டையும் இரட்டிப்பாக்குங்க மாமா! பத்துல எட்டு! ஒண்ணு பூஜ்யம் புள்ளி ஆறு, இன்னொண்ணு பூஜ்யம் புள்ளி எட்டு!"

கடைக்குட்டி அணில் எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து கத்தியது. "நூறு தடவை போனா நரி மாமா அறுபது தடவை திரும்புவார், கீரியக்கா எண்பது தடவை! அறுபது சதவீதம், எண்பது சதவீதம்!"

இப்போதுதான் கரடிக்கு விளங்கியது. நரிக்கும் விளங்கியது, ஆனால் அது விடவில்லை. "பதினஞ்சு தடவை போனதெல்லாம் ஒரு கணக்கா?"

"நியாயமான கேள்விதான்," என்றது கீரி. "இன்னும் நிறையப் போயிருந்தா இன்னும் உறுதியாச் சொல்லலாம். எண்பதுன்னா நூறும் இல்லை. அஞ்சு தடவைக்கு ஒரு தடவை நானும் மாட்டுவேன். ஆனா அந்த மூணு தடவையும் இடது பக்கம் நிக்கிற செந்நாய்கிட்டதான் மாட்டினேன். இன்னிக்கு வலது பக்கம் போவேன்."

கரடி தன் குட்டிகளைப் பார்த்தது. போன கோடையில் அவை அழுத அழுகை அதன் காதில் கேட்டது.

"கீரி, நீ போ!"

"சடுகுடு சடுகுடு சடுகுடு!" கீரி கோட்டைத் தாண்டியது. செந்நாய் இடது பக்கம் வாயைப் பிளந்து காத்திருந்தது. கீரி வலது பக்கம் பாய்ந்து கடமானின் குளம்பைத் தொட்டது. முள்ளம்பன்றி முட்களை விரித்து வழிமறித்தது. கீரி கடமானின் கால்களுக்கு நடுவே நுழைந்து, தரையோடு தரையாக வழுக்கி வந்து, நடுக்கோட்டில் மூக்கை வைத்தது.

காடே அதிர்ந்தது! கரடி கீரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியது. "நாங்க போட்ட கணக்கு! நாங்க போட்ட கணக்கு!" என்று அணில்பிள்ளைகள் கிளைக்குக் கிளை தாவின. கரடிக்குட்டிகள் ஆழமான கரையில் இறங்கி, தெளிந்த தண்ணீரை வயிறு முட்டக் குடித்தன. கரடி பெருமையோடு அவற்றின் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

சாயங்காலம் நரி தனியாக மரத்தடிக்கு வந்தது. வாயில் கறுப்புக் கற்கள். ஒவ்வொன்றாகத் தன் குவியலில் வைத்தது.

"என்ன மாமா பண்றீங்க?" என்று கடைக்குட்டி அணில் கேட்டது.

"மாட்டின இருபத்துநாலையும் பார்க்கறேன். இதுல பதினெட்டு தடவை அந்த முள்ளம்பன்றிகிட்டதான். குத்து வாங்கினது மறக்குமா?"

"நாலுல மூணு பங்கு! எழுபத்தஞ்சு சதவீதம்!"

"அடேங்கப்பா!" நரி குவியலைச் சுற்றி வந்து பார்த்தது. காலையில் இருந்ததைவிட அது இப்போது பெரியதாக இருந்தது. நரி மறுபடியும் வாலைத் தூக்கிக்கொண்டது. "அடுத்த வருஷம் அந்த முள்ளம்பன்றி பக்கமே போக மாட்டேன். அப்புறம் பாரு என் சதவீதத்தை!"

வென்றதை மட்டும் எண்ணுகிறவர் பெருமை பேசத்தான் முடியும். தோற்றதையும் சேர்த்து எண்ணுகிறவரே பெருமைப்படும்படி வளர்வார்.